"பைத்தியம்னு சீட்டு இருந்தா விட்டுடுவாங்களா?"

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. நிலத்தகராறு இருந்த ஒரு வீட்டில், கேழ்வரகுக் களத்தில் படுத்திருந்த அண்ணனை விடியற்காலையில் தம்பி அரிவாளால் வெட்டிவிட்டார். அண்ணன் இறந்துவிட்டார். தம்பிக்கு நான்கு வருடமாக தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருந்து போகிறது. "சீட்டு இருக்கு, விட்டுடுவாங்க" என்கிறது ஒரு பக்கம். "எல்லாம் நடிப்பு, நிலத்துக்காகத்தான் வெட்டினான்" என்கிறது இன்னொரு பக்கம். டாக்டர்கள் எதை வைத்து முடிவு சொல்வார்கள்? சீட்டு போதுமா?

சீட்டு மட்டும் போதாது. ஆனால் அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த படிக்குப் போகவும் முடியாது. வழக்கு சுற்றப்போவது ஒரே கேள்வியைத்தான்: அரிவாளை ஓங்கிய அந்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா? நான்கு வருடமாக நோய் இருக்கிறது, இப்போது ஜெயிலில் உளறுகிறார் என்பதெல்லாம் அந்த நேரத்தைக் காட்டும் தடயங்கள். தடயத்தையே விடையாக எடுத்துக்கொள்வதுதான் இரண்டு பக்கமும் செய்கிற தவறு.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 22-வது பிரிவு; அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய இ.பி.கோ. 84. சாரம் ஒன்றுதான். செயலைச் செய்த நேரத்தில், சித்தசுவாதீனம் இல்லாத காரணத்தால், அந்தச் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதிருந்தவர் செய்தது குற்றமாகாது. 1843-ல் லண்டனில் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மெக்நாட்டன் என்பவரின் வழக்கை ஒட்டிப் பிறந்த விதிகளிலிருந்து வந்த வாசகம் இது. மருத்துவத்தில் மனச்சிதைவு என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் இந்தப் பிரிவு பொருந்திவிடாது. மனச்சிதைவு உள்ளவர் ஆடு மேய்ப்பார், பால் கறப்பார், டவுன் பஸ்ஸில் சரியான சில்லறை கேட்டு வாங்குவார். அவருடைய அறிவின் பெரும்பகுதி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட செயலில் நோய் எவ்வளவு தூரம் புகுந்தது என்பதையே கோர்ட் கேட்கும்.

நிரூபிக்கும் பொறுப்பு எதிரி (கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பில் இருக்கிறது; புதிய சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவு. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி இருந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அதுவரை வராவிட்டாலும், கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதிலேயே நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலனும் எதிரிக்குத்தான் என்று 1964-லேயே ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "அன்று எப்படி இருந்தார்" என்பது ஒரு கேள்வி. "இன்று வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா" என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 367, 368-வது பிரிவுகள். தன் மேல் என்ன குற்றச்சாட்டு, ஜட்ஜ் யார், வக்கீல் யார், சாட்சி பொய் சொன்னால் வக்கீலிடம் சொல்ல முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் விசாரணை தள்ளிப்போகும், சிகிச்சை நடக்கும். அவர் தெளிந்த பிறகு வழக்கு மறுபடியும் எழும். இன்று தெளிவாகப் பேசுகிறார் என்பதால் அன்றும் தெளிவாக இருந்தார் என்று ஆகாது. மூன்று மாதம் ஒழுங்காக மருந்து போனால் பலரும் தெளிவார்கள்.

அன்றைய மனநிலையைத் திரும்பக் கட்டுவது எப்படி? அனுபவமுள்ள மதிப்பீட்டாளர், அதாவது மனநிலையைப் பரிசோதித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதும் மனநல டாக்டர், ஒரு தாளை மூன்றாகப் பிரிப்பார்: முன், அப்போது, பின்.

முன் என்பதில் கடைசி ஆறு வாரம் முக்கியம். மருந்து எப்போது நின்றது? இது யூகமாக இருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, எத்தனை நாளுக்கு மாத்திரை என்று எழுதியிருப்பார்கள். 30 நாள் மாத்திரை வாங்கிய கடைசித் தேதிக்கும் சம்பவ நாளுக்கும் நடுவில் 70 நாள் இருந்தால், குறைந்தது 40 நாள் மருந்தில்லை. ஃபுளூஃபெனசின் மாதிரி இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் இருந்தால், ஊசி போட்ட பதிவேடு இன்னும் உறுதியான சாட்சி. அடுத்தது தூக்கம். நோய் திரும்பும்போது பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம்தான். இராத்திரியில் எழுந்து நடந்தாரா, வீட்டுச் சாப்பாட்டை மறுத்து டீக்கடை பன்னில் காலம் தள்ளினாரா, செல்போனில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சிம்மை உடைத்தாரா? இவற்றை வீட்டாரைக் காட்டிலும் பக்கத்து நிலத்துக்காரர், டீக்கடைக்காரர், பால் சொசைட்டியில் பால் எடுப்பவர் சொன்னால் எடை அதிகம். அவர்களுக்கு வழக்கில் லாப நஷ்டம் இல்லை.

அப்போது என்பதில் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேரும். முன்கையிலும் உள்ளங்கையிலும் தடுப்புக் காயம் இருந்தால் இறந்தவர் விழித்திருந்தார், போராடினார். இல்லாவிட்டால் தூக்கத்தில் விழுந்த வெட்டாக இருக்கலாம். ஆனால் வெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து "இத்தனை வெட்டு வெட்டியிருக்கானே, பைத்தியம்தான்" என்று சொல்வது பெரிய பிழை. ஆத்திரத்திலும் பல வெட்டு விழும், போதையிலும் விழும், எழுந்துவிடுவாரோ என்ற பயத்திலும் விழும். எண்ணிக்கை மனதைக் காட்டாது. ஆயுதத்தை எங்கிருந்து எடுத்தார் என்பது ஓரளவு காட்டும்: கையில் கிடைத்ததா, இல்லை முந்தின நாள் பட்டறையில் சாணை பிடித்து வைத்ததா?

பின் என்பதுதான் பெரும்பாலான வழக்குகளைத் தீர்மானிக்கிறது. அரிவாளைக் கழுவினாரா, சட்டையை மாற்றினாரா, கிணற்றில் போட்டாரா, பஸ் ஏறினாரா? மறைப்பவருக்குத் தவறு என்று தெரியும் என்பது கோர்ட்டின் நியாயமான ஊகம். ரத்தத்தோடு களத்திலேயே உட்கார்ந்திருந்து, வந்தவர்களிடம் "இனிமே எல்லாரும் பயமில்லாம சாப்பிடலாம்" என்று சொன்னால் அது வேறு மனநிலை. நம் பக்கத்தில் எதிரி நேராக வி.ஏ.ஓ. முன் சரணடைந்து வாக்குமூலம் கொடுத்ததாகப் பல வழக்குகளில் இருக்கும். அந்த வாக்குமூலம் கோர்வையான எழுத்து நடையில், தேதி நேரம் எல்லாம் வரிசையாக இருந்தால், நோயாளியின் பேச்சு எது, எழுதியவர் ஒழுங்குபடுத்தியது எது என்று வக்கீல் குறுக்கு விசாரணையில் பிரிக்க வேண்டும். மதிப்பீட்டாளரும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

நிலத்தகராறு இருந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் ஒன்று இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பிரமை வெறும் காற்றிலிருந்து பிறப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சண்டையைத்தான் பிடித்துக்கொள்ளும். வரப்புத் தகராறு உண்மையாகவே இருக்கும். அதன் மேல் "அண்ணன் என் சோத்துல மருந்து வெக்கிறான்" என்பது ஏறி உட்காரும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. இடுமருந்து, செய்வினை என்பதெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பலரும் நம்புகிற விஷயம். மருந்து எடுக்கிறவரிடம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார்கள், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். ஊரே நம்புவதை ஒருவர் நம்பினால் அது நோயாகாது. அதனால் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி, "மருந்து வெச்சதா நம்புறீங்களா?" என்பதோடு முடியக் கூடாது. "உங்க அம்மா அத நம்புறாங்களா?", "வெச்சது அண்ணன்தான்னு எப்படித் தெரிஞ்சது?", "மருந்து எடுத்த அப்புறமும் வெச்சான்னு எதனால சொல்றீங்க?" என்று போக வேண்டும். இடுமருந்தை நம்புகிற அம்மாவே "அண்ணன் வெக்கலைங்க, இவன்தான் தெனமும் சட்டியைக் கொட்டுவான், டிவியில நியூஸ் படிக்கிறவங்க தனக்கு ஜாடை காட்டுறதா சொல்லுவான்" என்றால், ஊர் நம்பிக்கையைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தாய்மொழி தெலுங்கோ கன்னடமோ உருதுவோ ஆக இருக்கலாம். கேள்வி தாய்மொழியில் போகாவிட்டால் இந்த நுணுக்கம் முழுக்கக் கைநழுவும். மொழிபெயர்க்க வாசலில் நிற்கும் போலீஸ்காரரைக் கூப்பிடுவது கூடவே கூடாது.

இனி, கைதான முதல் நான்கு நாள். வழக்குகள் அதிகம் பாழாவது இங்கேதான். ரிமாண்டுக்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனை நடக்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் முடியும், காயம் இல்லை என்று எழுதுவதோடு சரி. அந்த நிமிடங்களில் அவர் என்ன பேசினார், இடம் நேரம் ஆள் தெரிந்ததா, பார்வை எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதியிருந்தால், ஒரு வருடம் கழித்து வரும் பத்துப் பக்க அறிக்கையைவிட அது பெரிது. ஏனென்றால் சம்பவத்துக்கு அதுதான் நெருக்கம். குடித்திருந்தாரா என்ற கேள்விக்கும் நேரம்தான் எதிரி. ரத்தத்தில் சாராயத்தின் அளவு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் (100 மில்லி ரத்தத்தில்) இறங்கும். 12 மணி நேரம் கழித்து எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. எடுக்கும்போது ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் வைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை எளிதாகிவிடும்.

தினமும் குடிப்பவர் கைதானால் இன்னொரு கண்ணி இருக்கிறது. லாக்கப்பில் சரக்கு கிடைக்காமல் முதல் நாள் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்ப நிலை வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இதைப் பார்த்து "சம்பவத்தன்றும் இப்படித்தான் இருந்திருப்பார்" என்று எழுதினால் தவறு. "நடிக்கிறான்" என்று விட்டால் உயிரே போகலாம். இது தயமின் ஊசியும் மருந்தும் உடனே வேண்டிய அவசர நிலை. தானாக விரும்பிக் குடித்த போதை 22-வது பிரிவின் பாதுகாப்பைத் தராது. அதற்கு 23, 24-வது பிரிவுகள் தனியாக இருக்கின்றன. ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டால்தான் விலக்கு.

பழைய நோய் விவரம் தெரிந்திருந்தும் புலன்விசாரணை அதிகாரி எதிரியை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பாவிட்டால், அது அரசுத் தரப்புக்குப் பெரிய ஓட்டை. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதனால் வீட்டார் ஸ்டேஷனில் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், சீட்டு நகல்களோடு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவது நல்லது. முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட் முன்னும் சொல்ல வேண்டும்.

மதிப்பீடு ஒரே உட்காரலில் முடிகிற வேலை கிடையாது. சாதாரண வழக்குக்கே மூன்று பேட்டி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். சிக்கலானால் வார்டில் சேர்த்து நாள் கணக்கில் கவனிப்பார்கள். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இதற்குப் பழக்கப்பட்ட இடம். பேட்டியின் முதல் வாக்கியமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: "நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரலைங்க. நீங்க சொல்றத கோர்ட்டுக்கு எழுதுவேன். சொல்ல விருப்பமில்லைன்னா சொல்லாம இருக்கலாம்." பிறகு திறந்த கேள்வி: "அன்னைக்கு முந்தின நாள் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க." எடுத்த எடுப்பில் "காதுல குரல் கேட்டுச்சா?" என்று கேட்டால் பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நடிப்பைக் கண்டுபிடிப்பது பற்றி. உண்மையான மாயக்குரல் பெரும்பாலும் விட்டு விட்டு வரும். தெளிவான சொற்களில், தன் பிரமையோடு ஒட்டிய விஷயத்தைப் பேசும். அதனால் துன்பப்படுகிறவர் அதைக் குறைக்க ஏதாவது செய்து பார்த்திருப்பார்: காதில் பஞ்சு வைத்திருப்பார், பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார், எழுந்து நடந்திருப்பார். நடிப்பவர் "இருபத்தி நாலு மணி நேரமும் கேக்குது" என்பார், "அப்ப என்ன செய்வீங்க?" என்றால் விழிப்பார். தன் பெயர் தெரியாது, இரண்டும் இரண்டும் ஐந்து என்பார். மனச்சிதைவு உள்ளவருக்குப் பொதுவாகத் தன் பெயரும் கூட்டலும் தெரியும். டாக்டர் வரும்போது சத்தம், போனதும் சக கைதியோடு சிரித்துப் பேச்சு என்பதை வார்டு நர்ஸ் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதும் குறிப்பு காட்டிவிடும். இரவு இரண்டு மணிக்கு யார் பார்க்கிறார்கள் என்று நடிப்பவர் தூங்கிவிடுவார். உண்மையாகவே நோய் முற்றியிருப்பவருக்குப் பெரும்பாலும் தூக்கம் வராது. மறதி நடிப்பைச் சோதிக்க 50 படங்கள் கொண்ட நினைவுத் தேர்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலே பாதி சரியாகும். அதற்கும் வெகுவாகக் கீழே போனால் வேண்டுமென்றே தவறாகச் சொல்கிறார் என்று பொருள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: உண்மையான நோயாளியும் பயத்தில் மிகைப்படுத்துவார். மிகைப்படுத்தல் நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

உண்மை கண்டறியும் சோதனை, மூளை வரைபடம், மயக்க ஊசி போட்டு விசாரிப்பது ஆகியவற்றை எதிரியின் சம்மதமின்றிச் செய்ய முடியாது; செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் 2010-ல் அது முடிந்த விஷயம். கொலை நடந்த இடத்தைப் பார்த்தே குற்றவாளியின் குணத்தைச் சொல்வது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். உங்கள் வழக்கில் அதற்கு வேலை இல்லை.

எல்லா வன்முறைக்கும் நோயைத் தேடுவதும் ஆபத்து. பெண் சிசுக்கொலை பரவியிருந்த மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று; 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு இங்கேயும் வந்தது. பிரசவத்துக்குப் பின் சித்தம் கலங்கிய தாய் குழந்தையைக் கொல்வது உண்டு, அது உடனே கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். மூன்றாவதும் பெண் என்று வீடே கூடி எடுத்த முடிவுக்கு அந்த நோயின் பெயரைச் சூட்டுவது பொய். 2000 பிப்ரவரி 2-ல் இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். அதில் யாருக்கும் 22-வது பிரிவு மாதிரி விலக்கு கிடைக்கவில்லை. ஆனால் கூட்ட வெறியில் நடந்தது என்பதைக் கருத்தில் கொண்டு 2016-ல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் செய்தாரா என்பதற்கு ஒரு அளவுகோல், எவ்வளவு தண்டனை என்பதற்கு இன்னொன்று. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் மனநல மதிப்பீட்டையும் ஜெயில் நடத்தை அறிக்கையையும் விசாரணை நீதிமன்றமே வரவழைக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த தீர்ப்பு.

இனி "வெளியே வந்தா மறுபடியும் வெட்டுவானா?" என்ற அண்ணன் வீட்டாரின் பயம். அது நியாயமான பயம், அதை யாரும் தள்ளிவிடக் கூடாது. வன்முறை ஆபத்தை மதிப்பிடும் எச்.சி.ஆர்.-20 என்ற முறையில் 20 விஷயங்களைப் பார்ப்பார்கள்: 10 கடந்த காலம், 5 இப்போதைய மனநிலை, 5 வெளியே வந்தால் இருக்கும் சூழல். கூட்டி ஒரு மார்க் போடுவது இதன் நோக்கம் இல்லை. எந்தச் சூழலில், யாருக்கு, எப்படி ஆபத்து வரலாம், அதைத் தடுக்க என்ன வேண்டும் என்று எழுதுவதுதான். உங்கள் வழக்கில் அது இப்படி வரும்: மருந்து நின்று, தூக்கம் கெட்டு, அதே வீட்டில் அதே வரப்புத் தகராறோடு வாழ்ந்தால் ஆபத்து அதிகம், மாதாமாதம் ஊசி, குடி இல்லை, குடியிருப்பு வேறு இடம் என்றால் வெகுவாகக் குறையும். 1998-ல் வெளியான அமெரிக்க மெக்ஆர்தர் ஆய்வில், மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவர்களில் போதைப் பழக்கம் இல்லாதவர்களின் வன்முறை, அதே தெருவில் போதை இல்லாமல் வாழும் மற்றவர்களைப் போலவேதான் இருந்தது. இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத குணத்தை (சைக்கோபதி) அளக்க ஹேர் என்ற உளவியலாளர் உருவாக்கிய 40 மதிப்பெண் பட்டியலும் உண்டு. அதில் "பல குறுகிய காலத் திருமண உறவுகள்" என்று ஒரு வரி. அரூரிலோ ஊத்தங்கரையிலோ வளர்ந்தவருக்கு அந்த வரி எதைச் சொல்லும்? அந்த மார்க்கை மட்டும் கொண்டுவந்து நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

கடைசியாக "விட்டுடுவாங்களா?" 22-வது பிரிவு ஏற்கப்பட்டாலும், செயலை அவர்தான் செய்தார் என்பதைத் தீர்ப்பில் எழுதுவார்கள். அதன் பிறகு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374-வது பிரிவின்படி, கோர்ட் அவரைப் பாதுகாப்பான காவலில் மருத்துவமனையில் வைக்கச் சொல்லலாம். அல்லது ஜாமீன் உறுதியோடு உறவினரிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்தால் மருந்துக்கும் மற்றவர் பாதுகாப்புக்கும் அந்த உறவினர்தான் பொறுப்பு. நேராக வீட்டுக்கு வந்து பழையபடி களத்தில் படுப்பது நடக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: நான்கு வருட ஓ.பி. சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி மூன்று நகல் எடுங்கள். தொலைந்ததற்கு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்‌ஷனில் மனு கொடுங்கள். ரிமாண்ட் பரிசோதனைக் குறிப்பின் நகலை வக்கீல் மூலம் கேளுங்கள். சேலம் ஜெயிலில் இருந்தால், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய கடைசிச் சீட்டின் நகலை ஜெயில் டாக்டருக்கு அனுப்புங்கள்; அங்கேயும் மருந்து நிற்கக் கூடாது. வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100-ல் கூப்பிடலாம். அண்ணனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கான மனுவை அதே ஆணைக்குழுவில்தான் போட வேண்டும். கொன்றவர் விடுதலையானால் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கு விடுதலையில் முடிந்தாலும் இழப்பீட்டுக்குக் கோர்ட் பரிந்துரைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.